சிவக்காத உதடு

அத்தியாயம் 6

தேனீ வளர்க்கும் கனகராஜ் தீப்பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே பஞ்சின் மேல் நான்கு தேனீக்கள் செத்துக் கிடந்தன.

"போஸ்ட்மார்ட்டம் பண்ணணுமா அண்ணே, இல்ல நேரா அடக்கமா?" என்று கேட்டேன்.

கனகராஜ் சிரிக்கவில்லை. திலகா அக்காவும் சிரிக்கவில்லை. அவர் கடைசியாகச் சிரித்தது போன ஹரி ராயா பெருநாளுக்கு. அதுவும் என் அண்ணி வைத்த ரெண்டாங் கறியைப் பார்த்து.

மலை ஊரான தானா ராத்தாவில் என் அண்ணன் பஷீரின் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில்தான் எங்கள் துப்பறியும் அலுவலகம். திலகா அக்கா விவசாய இலாகாவில் பதினாறு வருடம் செடிகொடிகளைச் சோதிக்கும் அதிகாரியாக இருந்தவர். மேலதிகாரியோடு முட்டிக்கொண்டு வெளியே வந்தார். இப்போது மனிதர்களைச் சோதிக்கிறார். செடிகளே தேவலாம் என்று வாரம் ஒருமுறையாவது சொல்வார். நான் ஃபாரிஸ். கார் ஓட்டுவேன், கதவு தட்டுவேன், வாயை மூடத் தெரியாமல் திட்டு வாங்குவேன்.

கையில் இருந்தது ஒரே வழக்கு. ரிங்லெட் ஊருக்கு மேலே, தேயிலைக் காட்டை ஒட்டி ஹரிதாஸ் வாத்தியாரின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. அங்கே இருபது வருடமாகச் செடி பார்த்துவந்த கந்தசாமி, பதினொரு நாளைக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போனவர், வீடு திரும்பவில்லை. அன்றைக்கே வாத்தியார் உயிராக வளர்த்த ஒரு தொட்டியும் காணோம். ஜப்பானிலிருந்து வரவழைத்த சிம்பிடியம் ஆர்க்கிட். மாவட்டத்திலேயே அது ஒன்றுதான். 'என் செடியைத் திருடிக்கொண்டு ஓடிவிட்டான்' என்று வாத்தியார் போலீசில் எழுதிக் கொடுத்தார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் எழுதிக் கொடுத்தால் யார்தான் நம்பமாட்டார்கள்?

நம்பாதவர் ஒருவர்தான். கந்தசாமியின் மனைவி நவமணி. எஸ்டேட்டில் தேயிலை வெட்டும் கூட்டத்தோடு இலை மூட்டை கட்டுகிறவர். நான்கு நாளைக்கு முன்னால் எங்கள் மாடிப்படி ஏறி வந்தார்.

"ஓடிப்போறவரு பிரஷர் மாத்திரைய வெச்சிட்டா போவாரு? திருடன்னு ஊரே சொல்லுது. அது கெடக்கட்டும் மேடம். உசுரோட இருக்காரா இல்லையா, அத மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க. பொட்டு வெக்கவா வேணாமான்னு தெரியாம தெனம் கண்ணாடி முன்னாடி நிக்கிறேன்."

அந்தச் சொல்லுக்குப் பிறகு எனக்கே கண்ணாடி பார்க்கக் கூசியது. நான்கு நாளும் அலைந்தோம். பஸ் நிலையம், மலையடிவாரத்துத் தாப்பா ஊர், பூக்கடைகள், செடி வியாபாரிகள். ஒரு ஈ காக்காய்கூட அவரைப் பார்க்கவில்லை. இன்று காலை கனகராஜ் கடைக்கு ஃபோன் அடித்து, 'அந்தப் பழைய விவசாய ஆபீஸ் மேடம் வருவாங்களா' என்று கேட்டபோது நான் வேண்டாம் என்றேன். ஆள் காணாமல் போன வழக்கை விட்டுவிட்டுத் தேனீ வைத்தியம் பார்க்க நேரமா? ஆனால் 'முதுகுல மஞ்சளா ஏதோ ஒட்டிக்கிட்டு வருது' என்று அவர் சொன்னதைக் கேட்டதும் அக்கா செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வியாதியா மேடம்?" கனகராஜ் குரலைத் தாழ்த்தினார். "ஆபீஸ்காரங்க வந்தா பெட்டியெல்லாம் கொளுத்திருவாங்க லா. அதான் யாருக்கும் சொல்லல."

அக்கா பூதக்கண்ணாடியை எடுத்துத் தேனீயின் மேல் குனிந்தார். முதுகில், சிறகு முளைக்கும் இடத்துக்குச் சற்று மேலே, கடுகைவிடச் சின்னதாக இரண்டு மஞ்சள் உருண்டைகள் ஜோடியாக ஒட்டியிருந்தன.

"என்னென்ன தேனீ வளக்கிறீங்க?"

"நாட்டுத் தேனீ ஆறு பெட்டி. வெள்ளைக்காரத் தேனீ நாலு. கொட்டாத கெலுலுட் ஒம்பது."

"மஞ்சள் எதுல?"

"நாட்டுத் தேனீல மட்டும்."

"வெள்ளைக்காரத் தேனீ, கெலுலுட், ஒண்ணுலகூட இல்ல?"

"ஒண்ணுலகூட இல்ல."

"எப்போலருந்து?"

"வியாழக்கிழம காலைல மொதல்ல பாத்தேன். அதுக்கு முன்ன இல்லவே இல்ல. இன்னிக்கு மூணாவது நாளு. எட்டு, ஒம்பது பாத்திருப்பேன்."

அக்கா நிமிர்ந்தார். முகம் வெளுத்திருந்தது.

"வியாதி இல்ல. பயப்படாதீங்க. இது மகரந்த மூட்டை. ஆர்க்கிட் பூ மத்த பூ மாதிரி தூளா தூவாது. ரெண்டு உருண்டையாக் கட்டி, பசை தடவி, வர்ற தேனீ முதுகுல ஒட்டி அனுப்பும்."

"இந்த மலைல ஆர்க்கிட்டுக்கா பஞ்சம்?" என்றேன். "ரோட்டோரத்துல முக்காவாசிக் கடை அதுதான்."

"ஒவ்வொரு ஆர்க்கிட்டும் வாசனையால ஒரு ஆளத்தான் கூப்பிடும், ஃபாரிஸ். ஒண்ணு ஈயக் கூப்பிடும், ஒண்ணு குளவியக் கூப்பிடும். நாட்டுத் தேனீய மட்டும் கூப்பிடுறது அந்த ஜப்பான் சிம்பிடியம். அந்தத் தேனீயோட கூட்டுல எந்த வாசனை இருக்கோ அதையே அந்தப் பூவும் விடும். தன் சொந்தக்காரங்க கூப்பிடுறாங்கன்னு நம்பி உள்ள போகும். தேன் ஒரு சொட்டு இருக்காது. மூட்டையச் சுமந்துக்கிட்டு வெறுங்கையோட வரும்."

"அப்படின்னா..."

"மாவட்டத்துல இருக்கிறது ஒரே தொட்டி. அது சிங்கப்பூருக்கும் போகல, கோலாலம்பூருக்கும் போகல. இந்தப் பெட்டிலருந்து தேனீ பறக்கிற தூரத்துல, திறந்த வெளியில பூத்துக்கிட்டு நிக்குது."

எனக்குச் சட்டென்று உற்சாகம் வந்தது. தொட்டி இங்கே என்றால் கந்தசாமியும் இங்கே. எங்கோ குடிசை போட்டு ஒளிந்திருக்கிறார், காதைப் பிடித்து நவமணி முன்னால் நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். அக்காவின் முகத்தைப் பார்த்தபோது அந்த நினைப்பு பாதியில் நின்றது.

கனகராஜ் பெட்டிகளை இரண்டு இடத்தில் வைத்திருந்தார். வீட்டுப் பின்னால் மூன்று, மேலே தேயிலைக் காட்டோரம் மூன்று. அக்கா வீட்டுப் பெட்டிகளுக்கு முன்னால் உட்கார்ந்தார். என்னை மேலே அனுப்பினார். வேலை சுலபம்: மஞ்சள் மூட்டையோடு ஒரு தேனீ வந்தால், எந்தத் திசையிலிருந்து வந்தது என்று பார்த்து, ஃபோன் வரைபடத்தில் அந்தப் பக்கமாக ஒரு கோடு போட வேண்டும். சுலபம் என்று சொன்னவர் அக்கா. என் காதில் இரண்டு கொட்டு வாங்கியவன் நான்.

இரண்டு மணி நேரத்தில் எனக்கு மூன்று தேனீ, அவருக்கு இரண்டு. என்னுடைய மூன்றும் காட்டோரத்துத் தண்ணீர் டாங்கிக்கு இடது பக்கமிருந்தே வந்தன. இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டிய இடத்தை அக்கா பெரிதாக்கிப் பார்த்தார்.

"என்ன இடம் அண்ணே இது?"

கனகராஜ் எட்டிப் பார்த்தார். "கல்லோடை மேடம். தேயிலக் காடு முடிஞ்சு பெரிய காடு ஆரம்பிக்கிற பள்ளம். அங்க யாரும் போறதில்ல. பாறை பூரா பாசி."

என் பழைய சாகா காரை எஸ்டேட் பாதையில் முடிந்தவரை ஏற்றி, மீதியை ஓடை வழியாகக் கீழிருந்து நடந்தோம். தண்ணீர் கணுக்கால் அளவு. இரண்டு பக்கமும் பாறைச் சுவர் ஏறிக்கொண்டே போனது.

"எனக்கு ஒரு பூ வாசனையும் வரலயே கா."

"உன்ன அது கூப்பிடலயே."

நூறு அடி தள்ளி வேறொரு வாசனை வந்தது. அது எல்லோரையும் கூப்பிடுகிற வாசனை. அக்கா சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டார். நான் அதற்குப் பிறகு அன்று முழுவதும் ஜோக் அடிக்கவில்லை.

கந்தசாமி பாறைச் சுவரின் அடியில் சாய்ந்து கிடந்தார். முகத்தைப் பற்றி எழுதப்போவதில்லை. நீலச் சட்டை என்று நவமணி சொல்லியிருந்தார். அந்தச் சட்டை உடம்பில் இல்லை. கிழித்து, வலது காலோடு ஒரு மூங்கில் குச்சியைச் சேர்த்துச் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. முடிச்சு அவர் கைக்கு எட்டும் பக்கத்தில் இருந்தது. விழுந்த பிறகு அவரே போட்ட கட்டு.

அவருக்கு நான்கு அடி தள்ளி, ஒரு கல் மேடையில் அந்தத் தொட்டி இருந்தது. இரண்டு கொத்துப் பூ. பழுப்புச் சிவப்பில் சின்னச் சின்ன இதழ்கள், நடுவில் நாக்கு நீட்டியது போன்ற உதட்டிதழ். ஒரு தேனீ வந்தது, அந்த உதட்டில் இறங்கி உள்ளே நுழைந்தது, பின்னோக்கி வெளியே வந்தது. முதுகில் மஞ்சள்.

"திருடிட்டுதான் வந்திருக்காரு," என்றேன். சொல்லவே கஷ்டமாக இருந்தது. நவமணிக்குப் புருஷனும் இல்லை, அவருக்கு நல்ல பேரும் இல்லை என்று ஆகிவிட்டதே. "ஒளிச்சு வெக்க எறங்குறப்போ வழுக்கிட்டாரு."

அக்கா தொட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, பூக்களை ஒவ்வொன்றாக விரல் படாமல் எண்ணினார். இரண்டு முறை எண்ணினார். பிறகு தொட்டியின் அடியைப் பார்த்தார், தலைக்கு மேலே மரக்கிளையைப் பார்த்தார்.

"போலீசுக்கு ஃபோன் பண்ணு. வாத்தியாருக்கு நான் பண்றேன். அவர் செடிய அவர்தான் அடையாளம் சொல்லணும்."

ஹரிதாஸ் வாத்தியார் போலீசுக்கு முன்னால் வந்துவிட்டார். அவருடைய தோட்டம் பத்து நிமிடத் தூரம். அறுபத்தைந்து வயது, இஸ்திரி போட்ட சட்டை, ரப்பர் பூட்ஸ். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். கண் முதலில் போனது தொட்டிக்கு. பிறகுதான் கந்தசாமிக்கு.

"கடவுளே," என்றார். "நான் அப்பவே சொன்னேன் மிஸ் திலகா. இருபது வருஷம் சோறு போட்டேன். இப்படிப் பண்ணிட்டானே."

"இது உங்க செடிதானே சார்?"

"என் செடியேதான். இங்க கொண்டாந்து ஒளிச்சிருக்கான். இந்தப் பாசில கால் நிக்குமா?"

"செவ்வாய்க்கிழமை காணாமப் போன தொட்டி. அன்னிலருந்து இங்கதான் இருக்குன்றீங்க?"

"வேற எப்படி?"

"பதினோரு நாள்."

"ஆமாம்மா."

அக்கா பூக்கொத்தைக் காட்டினார். "உங்களுக்கு நான் சொல்லித் தரக்கூடாது. இந்தப் பூவோட உதடு என்ன கலர்ல பூக்கும்?"

"வெள்ளை."

"தேனீ வந்து மகரந்த மூட்டைய எடுத்துக்கிட்டுப் போனா?"

அவர் கைக்குட்டையை மடிக்க ஆரம்பித்தார்.

"ஃபாரிஸ், நான் சொல்றேன், கேட்டுக்க. மூட்டை போனதும் அந்த உதடு சிவந்துரும். இனிமே என்கிட்ட ஒண்ணும் இல்லன்னு பூ கதவ மூடுற மாதிரி. அதுக்குத்தான் போட்டிக்குச் செடி வளக்கிறவங்க தோட்டம் பூரா வலை கட்டுவாங்க. ஒரு தேனீ பட்டாப் போதும், பூ கெட்டுரும். சார் தோட்டத்துல ரெண்டு அடுக்கு வலை, நாலு நாளைக்கு முன்ன நாமளே பாத்தோம்ல?"

பார்த்தோம். அன்று வாத்தியார் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டே நான் உளறியதும் ஞாபகம் வந்தது: 'தொட்டி கெடச்சா ஆளும் கெடச்சிருவாரு சார்.' அவருக்கு வழி சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

"இங்க முப்பத்தாறு பூ இருக்கு," என்றார் அக்கா. "பதினாலு செவந்திருக்கு. இருபத்திரண்டு இன்னும் சுத்த வெள்ளை. கனகராஜ் பெட்டிக்கு மூட்ட வர ஆரம்பிச்சு மூணு நாள்தான் ஆகுது. பதினோரு நாள் திறந்த வெளில நின்ன செடில ஒரு உதடு வெள்ளையா மிஞ்சியிருக்குமா சார்?"

"புதுசா விரிஞ்ச பூவா இருக்கும்," என்றார் வாத்தியார்.

"கொத்துல அடிப்பூதானே முதல்ல விரியும்? இந்தாங்க, ரெண்டு கொத்துலயும் ஆக அடியில இருக்கிற பூவப் பாருங்க. ரெண்டுமே வெள்ளை. இந்தப் பூ விரிஞ்சு ரெண்டு வாரம் இருக்கும். அதுல பாதிக்கு மேல தேனீ அண்டாத எடத்துல இருந்திருக்கு."

அக்கா தொட்டியின் அடியைக் காட்டினார்.

"அப்புறம், தொட்டிய வெச்சிருக்கிற அழகு. கீழ மூணு கல்லு, மட்டம் பாத்து முட்டுக் கொடுத்திருக்கு. மேல கிளை நிழல், பாதி வெயில். காம்பு ஒடியாம பச்சைக் கம்பியால கட்டியிருக்கு. திருட்ட அவர் தலைல போடத்தான் இங்க கொண்டாந்தீங்க. வேற யாராச்சும்னா மேலருந்து வீசிட்டுப் போயிருப்பான், தொட்டி உடஞ்சு, பாக்கவும் பொருத்தமா இருந்திருக்கும். உங்களுக்குக் கை வரல."

"இது வெறும் ஊகம்," என்றார் அவர். "கோர்ட்டுல நிக்காது."

"நிக்க வெப்போம்." அக்கா கைப்பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். "ஆதாரத்துக்கு ரெண்டு கொத்தையும் அடியோட நறுக்கிக்கிறேன்."

"நறுக்காதீங்க!"

பாறையில் மோதி அந்தக் கத்தல் திரும்பி வந்தது. வாத்தியார் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடைக்குள் ஓரடி எடுத்து வைத்திருந்தார். தன் குரலைத் தானே கேட்டு அப்படியே நின்றுவிட்டார்.

"ஆள் கெடக்கிறதப் பாத்தப்போ கடவுளேன்னு மெதுவாச் சொன்னீங்க," என்றார் அக்கா.

வாத்தியார் தண்ணீரிலேயே உட்கார்ந்தார். இஸ்திரிச் சட்டை நனைந்தது. பிறகு அவராகவே பேசினார்.

"பாறை உச்சில ஒரு காட்டு ஆர்க்கிட். இதுவரை நான் பாக்காத கலர். காட்டுலருந்து எடுக்க அனுமதி கெடைக்காது. ஏறி எடுத்துட்டு வாடான்னேன். வேணாம் சார், பாசியா இருக்குன்னான். நான்தான்... விழுந்துட்டான். காலு மடங்கிப்போச்சு. ஆள் கூட்டிட்டு வரேன்னு சொல்லிட்டுத்தான் போனேன். சத்தியமா அப்படி நெனச்சுத்தான் போனேன். வீட்டுக்குப் போனதும் பயம். காட்டுல திருடின கேஸ், ஆர்க்கிட் சங்கத் தலைவர் பதவி, பேரு எல்லாம்... தொட்டிய உள்ள ஒளிச்சு வெச்சிட்டு, ஓடிட்டான்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"திரும்பி வரவே இல்லையா?"

"மறுநாள் வந்தேன். ஓடை வாசல் வரைக்கும். செத்திருப்பான்னு நெனச்சேன்." அவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். "கூப்ட்டுக்கிட்டு இருந்தான். என்னை இல்ல. நவமணி, நவமணின்னு. போயிட்டேன். அதுக்கடுத்த நாளும் வந்தேன். அப்பவும் கேட்டுச்சு."

அவரை அடிக்கக் கை எழுந்தது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

போலீஸ் வந்தது. வாத்தியாரைக் கூட்டிப்போனார்கள். கந்தசாமியின் மேல் நீலப் பிளாஸ்டிக் விரித்து, காலையும் சேர்த்து மூடச் சொல்லி அக்கா இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். ஒரு போலீஸ்காரர் பிளாஸ்டிக்கின் ஓரங்களில் கல் வைத்தார். அரை மணியில் செய்தி தேயிலைக் காட்டுக்குப் பரவி, நவமணி தேயிலை வரிசை வழியாக மேட்டிலிருந்து இறங்கி வந்தார். பூட்ஸ் பூரா சேறு. கூட வந்த பெண்களைக் கையால் நிறுத்திவிட்டு எங்களிடம் தனியாக வந்தார். அழவில்லை.

"திருடலதானே மேடம்?"

"இல்ல நவமணி. ஒரு எலையக்கூடத் திருடல. போலீஸ் எழுதிக்கிட்டாங்க."

நவமணி தலையாட்டினார். பள்ளத்தில் தெரிந்த நீலத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, விழுந்ததும் உசுரு போயிருச்சா? இல்ல கெடந்தாரா?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் தேயிலைக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கோடு வருகிறவர்களிடம் அக்கா பொய் சொல்லமாட்டார். உண்மையைச் சொல்லவும் அவருக்கு அந்த நேரம் வாய் வரவில்லை.

"விழுந்த உடனேதான் கா," என்றேன். "ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது."

"அல்லாமேல சத்தியமா?"

"ஆமாங்கா."

நவமணி நீளமாக ஒரு மூச்சு விட்டார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

"அப்ப சரி. அவரு காணாமப் போன அந்த வாரம் புதன், வியாழன் ரெண்டு நாளும் நாங்க இந்த மேட்டுலதான் தேயில வெட்டினோம். மெஷின் போட்டா பக்கத்துல நிக்கிறவ பேசுறதே காதுல விழாது. கூப்ட்டிருப்பாரோ, எனக்குத்தான் கேக்காமப் போச்சோன்னு வர்ற வழியெல்லாம் பயந்துக்கிட்டே வந்தேன்."

அப்போதுதான் அவர் அழ ஆரம்பித்தார். பெண்கள் ஓடி வந்து பிடித்துக்கொண்டார்கள். நாங்கள் நகர்ந்து வழிவிட்டோம்.

காரில் உட்கார்ந்து சாவியைப் போட்டேன். அக்கா முன்கண்ணாடி வழியாக நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாத்தியார் குடுத்த வாக்குமூலத்த கோர்ட்டுல படிப்பாங்க, ஃபாரிஸ். பேரச் சொல்லிக் கூப்ட்டதையும் படிப்பாங்க. முன் வரிசைல அவங்க உக்காந்திருப்பாங்க."

"தெரியும் கா."

"அங்க கேக்கறதுக்கு முன்னாடி நாம சொல்லணும்."

"நானே சொல்றேன். எப்போ கா?"

"அடக்கம் முடியட்டும்," என்றார்.

நான் காரைக் கிளப்பினேன்.